நான்காண்டு அனிமேஷன் பட்டத்தை விட்டு டிப்ளோமாவுக்கு மாறலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பரில் ஒன்டாரியோவுக்கு வந்து, ஒரு கல்லூரியின் நான்காண்டு கணினி அனிமேஷன் பட்டப்படிப்பில் சேர்ந்து பத்து வாரமே ஆன நிலையில் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மென்பொருள் கற்க வந்த உங்களை வாரத்தில் பாதி நாள் பென்சிலும் கையுமாக உட்கார வைக்கிறார்கள், உடன் படிப்பவர்கள் சிறு வயதிலிருந்தே வரைந்து பழகியவர்கள், உங்கள் வேலையை வகுப்பு முழுவதும் பார்க்கப் பிரித்து மேய்கிறார்கள், ஆகவே வேறொரு கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளோமாவுக்கு மாறி, விரைவில் வேலைக்குப் போய்விடலாமா? இந்த நாட்டிலேயே இதே படிப்பைப் படித்து, இதே துறையில் இருபது ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாற வேண்டாம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் டிப்ளோமாவுக்கு மாறச் சொன்ன உங்கள் நண்பர் அதை முழுமையாகச் சொல்லவில்லை. 2024 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், கல்லூரி டிப்ளோமா முடித்துப் படிப்புக்குப் பிந்தைய வொர்க் பர்மிட் பெற வேண்டுமானால், அவர்கள் படித்த பாடம் அரசு வெளியிட்டுள்ள பட்டியலில் இருக்க வேண்டும். மருத்துவம், அறிவியல் தொழில்நுட்பம், வேளாண்மை, திறன்சார் தொழில்கள், போக்குவரத்து, கல்வி ஆகிய துறைகளைச் சுற்றி அமைந்த அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் கலை சார்ந்த டிப்ளோமாக்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. இளங்கலைப் பட்டம் பெறுவோருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கல்லூரி வழங்கும் பட்டத்துக்கும் அந்த விலக்கு 2025 மார்ச்சில் நீட்டிக்கப்பட்டது. அதற்கு மேல், இப்போது ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்குப் போவதென்றால், சேருவதற்கு முன்பே புதிய ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு இடம் மாறிய காலம் முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, வேலை செய்யும் உரிமையையே இழந்து நிற்கும் நிலை வரலாம். விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால், நான் சொன்னதையும் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொன்னார் என்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

சட்டம் இப்படி இல்லாமல் இருந்திருந்தாலும் நான் மாறச் சொல்லியிருக்க மாட்டேன். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, என்னைப் பொறுத்தவரை அனிமேஷன் என்றால் சாஃப்ட்இமேஜ்தான். 1986இல் மாண்ட்ரியலில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் மென்பொருளை விசைப்பலகையைப் பார்க்காமலேயே இயக்கும் அளவுக்குப் பழகி, அதையே என் தகுதியாக எண்ணிக்கொண்டிருந்தேன். 2008இல் ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்து வரும் பதிப்பே கடைசிப் பதிப்பு என்று 2014இல் அறிவித்தது. ஒரே அறிவிப்பில், நான் பல ஆண்டுகள் மனப்பாடம் செய்த குறுக்கு விசைகள் அத்தனையும் பயனற்றுப் போயின. ஆனால் வேலை போகவில்லை. மாயா என்ற இன்னொரு அனிமேஷன் மென்பொருளுக்கு மாறிக்கொள்ள எனக்குச் சில வாரங்களே பிடித்தன, ஏனெனில் ஒளி ஒரு கன்னத்தில் எப்படி விழும், ஒரு கை ஓங்குவதற்கு முன் எவ்வளவு பின்வாங்கும் என்பவை எந்த நிறுவனமும் வாங்கி மூடக்கூடிய விஷயங்கள் அல்ல. (மாயாவும், ஹூடினி என்ற இன்னொரு மென்பொருளும் டொராண்டோவில் பிறந்தவை என்பது, அந்த ஊர்க் குளிரில் பேருந்துக்குக் காத்திருந்த நாட்களில் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.)

பென்சிலைக் கையில் கொடுப்பதன் காரணத்தைக் கணினி வழியாகவே விளக்குகிறேன். கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் அமைத்தால் இடைப்பட்ட நிலைகளைக் கணினியே நிரப்பிவிடும் என்ற முறையை, ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் என்ற இருவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே உருவாக்கிக் காட்டினார்கள். இன்று நீங்கள் திறக்கும் எந்த மென்பொருளிலும் அடித்தளம் அதுவே. ஆனால், நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டால், கணினி அந்த இடைவெளியை ஒரே சீராகவோ, எங்கும் ஒரே வழவழப்பாகவோ நிரப்பிவைக்கும். மேலே எறியப்பட்ட பந்து உச்சியை நெருங்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது படத்தின் ஒவ்வொரு தனிப் படத்திலும், கொஞ்சமே நகர வேண்டும், தரையை நெருங்கும்போது நிறைய நகர வேண்டும். இடைவெளிகள் எல்லாம் சமமாக இருந்தால் பந்துக்கு எடையே இல்லாததுபோல் தோன்றும். காகிதத்தில் பந்தை வரையும்போது இந்த இடைவெளிகளை உங்கள் கையே தீர்மானிக்கிறது. அடுத்த ஆண்டு மாயாவின் கிராஃப் எடிட்டரில் அதே இடைவெளிகள் வளைகோடுகளாக வந்து நிற்கும்போது, இப்போது வரைந்தவருக்கு அவை புரியும். வரையாதவர் கோட்டை இப்படியும் அப்படியும் இழுத்து அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருப்பார்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: நீங்கள் ஓவியராக வேண்டியதில்லை. என் கோடுகள் இன்றும் சுமார்தான். வரைதல் வகுப்பு சோதிப்பது கோட்டின் அழகைவிட, பார்த்ததைப் பார்த்தபடி புரிந்துகொண்டீர்களா என்பதைத்தான். முதல் பருவத்தில், ஓர் ஆள் நடப்பதை அனிமேஷனாகச் செய்யும் பயிற்சியில் நான் செய்ததை வகுப்பில் ஓட்டிக்காட்டியபோது, ஆசிரியர் ஒரு ஃப்ரேமில் நிறுத்தி, "இந்த ஆளின் எடை எந்தக் காலில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே போனேன். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் நின்று, இறங்கிப் போகிறவர்களின் இடுப்பை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். ஒரு காலை எடுப்பதற்கு முன் இடுப்பு மறுகாலின் மேல் சாய்ந்துவிடுகிறது. பனி உறைந்த நடைபாதையில் எல்லோரும் அடியைக் குறுக்கி, பாதத்தைத் தட்டையாக வைக்கிறார்கள். புதிதாக வந்தவர் மட்டும் வழக்கம்போல் குதிகாலை முதலில் ஊன்றிச் சறுக்குகிறார். இரண்டு வாரம் கழித்து அதே நடையைத் திருத்திக் கொண்டுபோனபோது, அதே ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவருடையதற்குப் போய்விட்டார். அதுவே அவருடைய பாராட்டு என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

வகுப்பில் பிரித்து மேய்வது குறித்து உங்களுக்கு உள்ள வருத்தம் எனக்கும் இருந்தது. ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் குறை சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளப் பழகியவர்கள் நாம். எதிர்த்துக் கேள்வி கேட்பதையும் மரியாதைக் குறைவாக எண்ணி வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால் ஸ்டுடியோவில் வேலை நடப்பதே இப்படித்தான்: தினமும் மேற்பார்வையாளர் எல்லோருடைய ஷாட்டுகளையும் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்துக் குறிப்புச் சொல்வார், ஒரே ஷாட் பத்து முறை திரும்பி வருவதும் உண்டு, அதை யாரும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. குறிப்பைக் கேட்டதும் விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். அடுத்தவர் வேலையைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதையும் சொல்லுங்கள். பேசாமல் இருப்பவரை இங்கே அடக்கமானவர் என்று எண்ண மாட்டார்கள்; அக்கறை இல்லாதவர் என்றே எண்ணுவார்கள்.

பகுதிநேர வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தப் படிப்பு இடம் கொடுக்காது. 12 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் எல்லோரும் மூன்றாம் ஆண்டில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். கோடை விடுமுறையில் முழுநேரம் உழைத்துச் சேர்த்துக்கொள்வதே நல்லது.

இறுதி ஆண்டுப் படத்துக்கு நேரம் எப்படிக் கரையும் என்பதற்கு ஒரு கணக்கு: 90 விநாடிப் படத்துக்கு, விநாடிக்கு 24 வீதம், 2,160 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை முழுப் படமாக உருவாக்கித் தர, 10 நிமிடம் என்று வைத்தாலும் 360 மணி நேரம். ஒரே கணினியில் இரவு பகலாக 15 நாட்கள். கல்லூரியில் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருக்கும், ஆனால் கடைசி வாரத்தில் வகுப்பே அந்த வரிசையில் நிற்கும். நான் என் படத்தை ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்து, சமர்ப்பிக்க ஒன்பது நாட்கள் இருக்கையில் அதைப் படிக்கட்டில் தவறவிட்டேன். மீட்டது பாதிப் படம். அந்தப் பாதியை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன். அன்றிலிருந்து எதையும் மூன்று இடங்களில் வைக்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. இங்கே பெரும்பாலான வேலைகள் ஒரு படத்துக்கோ தொடருக்கோ சில மாத ஒப்பந்தமாக வருபவை. என் முதல் வேலை எட்டே மாதத்தில் முடிந்தது. மாகாணங்கள் தரும் வரிச் சலுகையைப் பின்தொடர்ந்து வான்கூவருக்கும் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் வேலைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுமம் சரிந்தபோது, அனுபவம் மிக்கவர்களே மாண்ட்ரியலில் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். எனவே மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்ளுங்கள்: பாத்திரங்களை நடிக்க வைப்பதா, அவற்றை அசைப்பதற்கான எலும்புக்கூட்டை அமைக்கும் ரிக்கிங்கா, ஒளியமைப்பா, தனித்தனியாகச் செய்தவற்றை ஒரே படமாக இணைக்கும் காம்போசிட்டிங்கா என்பது உங்கள் ஷோரீலை (செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பை) பார்ப்பவருக்குப் பத்து விநாடிகளில் தெரிய வேண்டும். ரீல் ஒரு நிமிடம் போதும், சிறந்த ஷாட்டையே முதலில் வையுங்கள், குழுவாகச் செய்தவற்றில் உங்கள் பங்கு எது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். நுணுக்கமான கணக்கில் உங்களுக்கு நாட்டம் உண்டென்று எழுதியிருப்பதால் ரிக்கிங்கை முயன்று பார்க்கச் சொல்வேன். அதற்கு ஆட்கள் எப்போதும் குறைவு, நன்றாக வரைபவர்கள் அந்தப் பக்கம் பெரும்பாலும் போவதில்லை.

மடிக்கணினியை இந்த ஆண்டே வாங்க வேண்டாம். முதல் ஆண்டுக்குக் கல்லூரிக் கூடத்துக் கணினிகள் போதும். வீட்டில் பழகுவதற்கு, உங்களிடம் இருக்கும் பழைய கணினியிலேயே பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசமாக ஓடும், மாயாவும் மாணவர்களுக்கு இலவசம். இரண்டாம் ஆண்டில் எந்தப் பிரிவு என்று முடிவானதும் எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ற கிராஃபிக்ஸ் கார்டைச் சொல்கிறேன்.