என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டத்தில் எத்தனை நடுவர்கள், எங்கே நிற்பார்கள்?

களத்தில் 7 பேர். ஏழாமவர் 1978இல் சேர்க்கப்பட்டார். வெள்ளைத் தொப்பி அணிந்த ரெஃப்ரி (தலைமை நடுவர்), தாக்கும் அணிக்குப் பின்னால் நின்று, பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கைக் கவனிப்பார். பந்து வைத்த கோட்டின் இரு முனைகளில் டவுன் ஜட்ஜும் லைன் ஜட்ஜும். தடுக்கும் அணியின் பக்கம் சுமார் 20 கெஜம் உள்ளே, இரு ஓரங்களிலும் ஃபீல்ட் ஜட்ஜ், சைட் ஜட்ஜ். அவர்களுக்கும் பின்னால், நடுவில், பேக் ஜட்ஜ்.

பலரும் குழம்புவது மீதமுள்ள நடுவரான அம்பயரிடம்தான். முன்பு தடுக்கும் அணியின் லைன்பேக்கர்களுக்கு (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பு வீரர்கள்) நடுவே நிற்பார். ஓடிவரும் வீரர்கள் மோதி அவர் காயப்படுவது வாடிக்கை. அதனால் 2010இல் ரெஃப்ரி இருக்கும் பக்கத்துக்கே மாற்றினார்கள். மிகச் சரியான முடிவு. ஃபீல்ட் கோலுக்காக (கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) உதைக்கும்போது நடுவர்களில் இருவர் கம்பங்களுக்கு அடியில் போய் நிற்பார்கள்.