சீசன் இருக்கு, முன்பதிவு எங்கே? நெல்லைச் சீமைக் கேள்விகள்

அண்ணாச்சி, சாரல் நல்லா விழுது. சனி, ஞாயிறு அறை நிரம்புது. ஆனால் முன்பணம் கட்டி யாரும் பதிவு செய்வதில்லை. மக்கள் கையில் காசு இல்லையா?
(லாட்ஜ் உரிமையாளர், குற்றாலம்)

காசு இல்லை என்று நான் நினைக்கவில்லை. முடிவெடுக்கும் நாள்தான் தள்ளிப்போய்விட்டது. ரயிலில் 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்க முடிந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள். காரில் வருகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. வியாழன் ராத்திரி வாட்ஸ்அப்பில் அருவி வீடியோ வந்தால், வெள்ளி சாயங்காலம் வண்டியை எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு காரணம் பயம். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அதன் பிறகு தடை சட்டென்று வருகிறது, வரத்தான் வேண்டும். பணம் கட்டிவிட்டு வந்து அருவியைத் தூரத்தில் நின்று பார்த்துத் திரும்ப யாருக்கு மனசு வரும்?

போன சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை, தெரிந்தவர் லாட்ஜின் வரவேற்பு மேசை அருகே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போன் ஓயவே இல்லை. எல்லாருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: “தண்ணி விழுதா, குளிக்க விடுதாங்களா?” வாடகையை அதற்கப்புறம்தான் கேட்டார்கள். மேசையில் இருந்த பையன் “வாங்க, பாத்துக்கிடலாம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அப்படிச் சொன்னால் அடுத்த லாட்ஜுக்குப் போன் போய்விடும். ஐந்தருவியில் விடுகிறார்கள், பேரருவியில் இல்லை என்று உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், ‘குளிக்கத் தடை வந்தால் முன்பணம் வேறு தேதிக்கு மாறும்’ என்று ரசீதிலேயே அச்சடித்துக் கொடுங்கள். முன்பணம் தானாக வரும்.

நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு என்று செய்தியில் படிக்கிறேன். நம்ம ஊர்த் தொழிலுக்கு அதனால் என்ன?
(வணிகவியல் மாணவி, பாளையங்கோட்டை)

ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 19 நகரங்களில் குடும்பங்களிடம் வருமானம், விலைவாசி, செலவு பற்றிக் கேட்டு எடுக்கும் கணக்கு அது. திருநெல்வேலி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சென்னையும் திருவனந்தபுரமும் இருக்கின்றன. நம்முடைய விருந்தினரில் நிறையப் பேர் அந்தப் பக்கம்தானே? அதனால் நமக்கும் அது சங்கதிதான்.

100 என்பது நடுக்கோடு; அதற்கு மேலே என்றால் நம்பிக்கை, கீழே என்றால் அவநம்பிக்கை. ‘இப்போது நிலைமை எப்படி’ என்ற எண் 2021 மே மாதம் 48.5 வரை இறங்கியது. பிறகு ஏறினாலும் 2025 நடுவிலும் 100-ஐத் தொடவில்லை. ‘இன்னும் ஒரு வருஷத்தில்’ என்ற எண் மட்டும் அப்போதே 100-க்கு நன்றாக மேலே நின்றது. இன்றைக்கு இறுக்கிப் பிடி, நாளைக்குச் சரியாகும் என்கிற மனசு இது. இப்படிப்பட்டவர் பயணத்தை விடமாட்டார். இரண்டு ராத்திரியை ஒன்றாக்குவார். ஆகவே ஒரு ராத்திரிக்காரரை முகம் சுளிக்காமல் வரவேற்கிறவருக்கே வியாபாரம்.

ஜிஎஸ்டி குறைந்ததில் எனக்கு லாபமா?
(தங்கும் விடுதி, அம்பாசமுத்திரம்)

விருந்தினருக்கு லாபம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதம் 5 ஆனது. 2,000 ரூபாய் அறையில் அவருக்கு 140 ரூபாய் மிச்சம். ஆனால் நீங்கள் ஏசி வாங்கும்போது கட்டும் வரியை, நீங்கள் அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டியில் இனி கழித்துக்கொள்ள முடியாது. அறைகளைப் புதுப்பிக்கிற யோசனை இருந்தால், முதலில் கணக்கரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சாரல் முடிந்ததும் என் வேன் சும்மா நிற்கிறது.
(வேன் உரிமையாளர், ஸ்ரீவைகுண்டம்)

நிற்க வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் குற்றாலம், செங்கோட்டை வழியே வருகிறார்கள். மார்கழியில் நவதிருப்பதி என்ற ஒன்பது பெருமாள் கோயில்களும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. வாகைக்குளம் விமான நிலையத்தின் புது முனையம் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. அங்கிருந்து உங்கள் ஊர் பக்கம். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து சேரும்போது ராத்திரி பத்தரையை ஒட்டிவிடும். அந்நேரம் ஸ்டேஷன் வாசலில் நின்று பெரியவர்களை ஏற்றி அறையில் விடுங்கள். காலை ஆறு மணிக்கு அவர்களை அதே வேனில் நவதிருப்பதிக்குக் கூட்டிப்போங்கள். மத்தியானம் நடை சாத்துவதற்குள் பெரும்பாலான கோயில்களைப் பார்த்துவிடலாம்.