நம்புகிறவரும் நம்பாதவரும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: கிறிஸ்தவர்களும் நாத்திகர்களும் இணையத்தில் பேசிக்கொள்ளும் விதம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். பதில் சொல்கிறவர் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கிறிஸ்தவள், தினமும் ஜெபிக்கிறவள். என் அண்ணன் கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொல்பவர். கீழே உள்ள பதில்களை அவரும் படித்துவிட்டார்.

கேள்வி: நாத்திகர்கள் வம்புக்கு வந்தால், 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்ற சங்கீத வசனத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். நான் திட்டவில்லை, வசனத்தைத்தான் சொன்னேன். இதில் என்ன தவறு?

அது சங்கீதம் 14, முதல் வசனம். நான்காம் வசனம் வரைக்கும் படித்துப் பாருங்கள் தம்பி. 'அப்பத்தைப் பட்சிக்கிறதுபோல் என் ஜனத்தைப் பட்சிக்கிற' அக்கிரமக்காரர்களைப் பற்றித்தான் அந்தச் சங்கீதம் பேசுகிறது. தன்னைக் கேட்க யாரும் இல்லை என்ற தைரியத்தில் ஏழைகளை விழுங்குகிறவன்தான் அங்கே மதிகேடன். உட்கார்ந்து யோசித்து, ஆதாரம் போதவில்லை என்று முடிவுக்கு வந்த ஒரு கல்லூரி மாணவனை அது குறிவைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்க கர்த்தர் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏழையை ஏமாற்றுகிறவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

அப்புறம், வேதாகமத்தை அந்த நாத்திகர் ஆதாரமாக ஏற்கவில்லை. அவர் கண்ணுக்கு அங்கே வசனம் தெரியாது, வசவு மட்டும்தான் தெரியும். தன் சகோதரனை 'மூடனே' என்று சொல்லுகிறவனுக்கு என்ன கதி என்று இயேசு சொன்னது மத்தேயு 5:22-இல் இருக்கிறது. அதே வேதாகமம்தான். நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிற யாவருக்கும் 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்கிறது. யாவருக்கும் என்றால் கிண்டலாகக் கேட்கிறவருக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: நான் நாத்திகன். மனிதருக்கு மரியாதை தரலாம், கருத்துக்குத் தர வேண்டியதில்லை என்பது என் கட்சி. செத்தவர் எழுந்தார் என்பதைக் கட்டுக்கதை என்று சொன்னால் உடனே 'புண்படுத்திவிட்டாய்' என்கிறார்கள். அப்படியானால் நான் வாயே திறக்கக்கூடாதா?

தாராளமாகத் திறக்கலாம். கட்டுக்கதை என்று நீங்கள் நினைத்தால் கட்டுக்கதை என்றே சொல்லுங்கள். உங்களைத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வதற்கு எங்கள் பவுலே இருக்கிறார். 'கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா' என்று கொரிந்து சபைக்கு எழுதியவர் அவர். எங்கே அடித்தால் கட்டடம் விழும் என்று தானாகவே காட்டிக்கொடுத்த மனிதர். அந்த இடத்தில் ஒருவர் வந்து தட்டிப் பார்த்தால் கிறிஸ்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் நீங்கள் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் கமெண்ட் இப்படி இருக்கிறது: 'அவர் உயிர்த்தெழுந்தார் என்பதற்கு, அவரைப் பின்பற்றியவர்கள் எழுதியதைத் தவிர வேறு என்ன சாட்சி இருக்கிறது? இதையெல்லாம் நம்ப உங்கள் ஆட்டுமந்தையால்தான் முடியும்.'

முதல் வாக்கியம் நல்ல கேள்வி. பதில் சொல்வதென்றால் கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டும். இரண்டாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்ல யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை. கீழே வந்திருக்கிற ரிப்ளைகளைப் பாருங்கள், எல்லாமே இரண்டாவது வாக்கியத்துக்குத்தான். ஒருவர் உங்கள் வயதைக் கேட்கிறார், இன்னொருவர் உங்கள் அப்பா அம்மாவை இழுக்கிறார். சாட்சியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் போட்டுப் பாருங்கள். உங்கள் வாதத்தில் ஒரு சொல்லும் குறையாது.

மனிதர் வேறு, கருத்து வேறு என்பதில் இன்னொரு விஷயமும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், 'மறுபடி அவனைப் பார்ப்பேன்' என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கருத்துதான். அதன் கீழே போய் மறுமைக்கு ஆதாரம் கேட்பவர் எந்தத் தத்துவத்தைச் சொல்லியும் தன்னை நியாயப்படுத்த முடியாது. விவாதத்துக்கு வந்தவரோடு விவாதம் செய்யுங்கள். அழுதுகொண்டிருப்பவர் விவாதத்துக்கு வரவில்லை.

கேள்வி: 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று அன்போடு எழுதினால்கூட ஏன் கோபப்படுகிறார்கள்?

எந்த இடத்தில் எழுதினீர்கள்? வாதத்தில் பதில் இல்லாமல் போனபோது அதை எழுதினால், 'நான் மேலே நிற்கிறேன், நீ கீழே கிடக்கிறாய்' என்றுதான் கேட்கும். அன்போடு எழுதியிருந்தாலும் அப்படித்தான் கேட்கும்.

கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் என்ற நாத்திக எழுத்தாளருக்கு 2010-இல் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. மதங்களை அவரளவுக்குக் கடுமையாகத் தாக்கியவர்கள் குறைவு. அவருக்காகப் பலர் ஜெபித்தார்கள். தேவதூஷணம் பேசிய தொண்டையில் கடவுள் அடித்தார் என்று இணையத்தில் சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் அவர் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஜெபத்தால் பலன் இருக்கும் என்று அவர் நம்பவில்லை. ஆனாலும் அன்பாக எழுதியவர்களுக்கு மரியாதையாகவே பதில் சொன்னார்.

அந்த நாட்களில் அவருக்கு உதவ வந்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் காலின்ஸ். மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானி, தன் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்பவர். கடவுள் விஷயத்தில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். மரபணுவை வைத்து அந்தப் புற்றுநோய்க்கு ஏதாவது புதிய சிகிச்சை கிடைக்குமா என்று ஹிச்சன்ஸோடு உட்கார்ந்து தேடினார் காலின்ஸ். 2011 டிசம்பரில் ஹிச்சன்ஸ் இறந்தார். கடைசி வரை அவர் மதம் மாறவில்லை. காலின்ஸ் நண்பராகவே இருந்தார்.

நீங்கள் ஜெபியுங்கள், யாரும் தடுக்கவில்லை. அதை அவரிடம் அறிவிக்கத்தான் வேண்டுமா என்று மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

கேள்வி: 'கடவுள் இல்லை என்றால் ஒழுக்கம் எங்கிருந்து வரும்?' என்று ஒரு நாத்திகரிடம் கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் என்னை பிளாக் செய்துவிட்டார்.

இது பெரிய தத்துவக் கேள்வி, கேட்கலாம். ஆனால் இதற்குப் பின்னால் நாத்திகர்களுக்கு வலிக்கிற ஒரு பழைய கதை இருக்கிறது. மதச் சகிப்புத்தன்மைக்காக வாதாடியவர் என்று நாம் கொண்டாடும் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக், 1689-இல் வெளியான அந்த வாதத்திலேயே நாத்திகர்களைச் சகித்துக்கொள்ள முடியாது என்று எழுதினார். கடவுளுக்குப் பயப்படாதவனை வாக்குறுதியோ சத்தியமோ கட்டுப்படுத்தாது என்பது அவர் சொன்ன காரணம். பிரிட்டனில் சார்ல்ஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் பெயரால் எடுக்க வேண்டிய பதவிப் பிரமாணம் பற்றிய தகராறில் அவரை உள்ளே உட்காரவிடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886-இல்தான் இடம் கிடைத்தது. கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டம் 1888-இல் வந்தது.

இந்த வரலாறு தெரிந்தவர் காதில் உங்கள் கேள்வி, 'உன்னை எப்படி நம்புவது?' என்று விழுந்திருக்கும். 'நீங்கள் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் அடிப்படை என்ன?' என்று கேட்டிருந்தால் விஷயம் வேறு. நியாயப்பிரமாணம், அதாவது யூதர்களின் வேதச் சட்டம், இல்லாதவர்களும் அது சொல்வதை இயல்பாகவே செய்கிறார்கள் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் ஒத்துக்கொள்கிறது. பவுல் ஒத்துக்கொண்டதை நாம் மறுக்க வேண்டாம்.

நாத்திக வாசகர்களுக்கும் இது பொருந்தும். 'நரகத்துக்குப் பயந்துதானே நல்லவர்களாக நடிக்கிறீர்கள்' என்பதும் இதே ரகம்தான்.

கேள்வி: சிலுவைப் போர் என்று அவர்கள் ஆரம்பித்தால் நாங்கள் சோவியத் ரஷ்யாவின் ஸ்டாலின் என்கிறோம். இது எங்கே முடியும்?

முடியாது. ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துக் குற்றத்தை முதலில் சொன்னால் நின்றுவிடும். நான் சொல்கிறேன்: 1697-இல் எடின்பரோவில் தாமஸ் எய்கன்ஹெட் என்ற 20 வயது மாணவரை, கிறிஸ்தவத்தைப் பழித்துப் பேசினார் என்பதற்காகக் கிறிஸ்தவர்கள் தூக்கிலிட்டார்கள். 1931-இல் மாஸ்கோவில் கிறிஸ்து இரட்சகர் பேராலயத்தை ஸ்டாலினின் அரசு வெடிவைத்துத் தகர்த்ததை அண்ணன் சொல்வார்.

கேள்வி: யாரும் யாரையும் மாற்றப்போவதில்லை. பிறகு எதற்கு இந்தப் பேச்சு?

மாற்றுவதற்காக மட்டும் பேசுவதானால் நானும் விட்டுவிடலாம் என்றுதான் சொல்வேன். 1948-இல் பிரான்சில் தொமினிக்கன் சபைக் கத்தோலிக்கத் துறவிகள் எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யுவைத் தங்கள் மடத்தில் பேச அழைத்தார்கள். நம்பிக்கை இல்லாத ஒருவர் கிறிஸ்தவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பது தலைப்பு. எல்லோருக்கும் இனிக்கிற சமரசத்துக்காக நான் நினைப்பதையும் மாற்றமாட்டேன், நீங்கள் நினைப்பதையும் மாற்றச் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஆரம்பித்தார். அவரவர் அவரவராகவே இருந்துகொண்டு உண்மையைப் பேசினால்தான் அது உரையாடல் என்பது அவர் நிலை. அதைச் சொல்லிவிட்டு, கொடுமைகள் நடந்த காலத்தில் திருச்சபை இன்னும் தெளிவாகக் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்று துறவிகள் முகத்துக்கு நேரேயே சொன்னார். கூட்டிவந்து பேசவைத்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபக்கமும் வேண்டிய துணிச்சல் இது.

அதே ஆண்டு பிபிசி வானொலியில் இயேசு சபைக் குரு கோப்பிள்ஸ்டனும் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கடவுள் இருக்கிறாரா என்று விவாதித்தார்கள். முதல் வேலையாக, 'கடவுள்' என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் கோப்பிள்ஸ்டன் முன்வைத்தார், ரஸ்ஸல் ஒப்புக்கொண்டார். அடுத்து, கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்பதா உங்கள் நிலை என்று குரு கேட்டார். இல்லை, அறிய முடியாது என்பதே என் நிலை என்றார் ரஸ்ஸல். அதற்குப் பிறகுதான் வாதம். நம் ஆட்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில், 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று முடிப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழிலும் இதற்கு வழி இருக்கிறது. பழைய தத்துவ நூல்களில் பரபக்கம் என்று ஒரு பகுதி வரும். கடவுளை ஏற்காத உலகாயதர் உட்பட மற்றவர்களின் கொள்கையை முதலில் எடுத்துவைத்து, அதன்பின் மறுப்பார்கள். எனக்கு இது அண்ணனிடம் வந்த பழக்கம். நான் எழுதியதில் நாத்திகர்கள் பற்றிய பத்திகளைத்தான் அவர் முதலில் படிப்பார். பென்சிலோடு உட்கார்ந்து, 'சரி, நாங்கள் சொல்வது இதுதான்' என்று அவர் ஓரத்தில் ஒரு கோடு போட்ட பிறகே மறுப்பை எழுதுவேன். அந்தக் கோடு கிடைப்பது சுலபமில்லை. அது கிடைக்கும்போது, என் பாதி மறுப்பு தேவையில்லாமல் போயிருக்கும். மீதிப் பாதி உருப்படியாக இருக்கும்.

கேள்வி: என் மகன் விசுவாசத்தை விட்டுவிட்டதாக இணையத்தில் எழுதிவிட்டான். ஏன் விட்டான் என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான். கீழே எங்கள் சபையார் 'வளர்ப்பு சரியில்லை', 'பிசாசு பிடித்துவிட்டது' என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவனுடைய புது நண்பர்கள் சபையாரைத் திட்டுகிறார்கள். நான் தினமும் திறந்து படித்துவிட்டு அழுகிறேன். நான் என்ன செய்யட்டும்?

அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

சார்ல்ஸ் டார்வினின் மனைவி எம்மா ஆழ்ந்த விசுவாசி. தன் சந்தேகங்களைக் கல்யாணத்துக்கு முன்பே அவர் எம்மாவிடம் சொல்லிவிட்டார். மறைத்துவை என்றுதான் டார்வினின் அப்பா சொல்லியிருந்தார். 1839-இல் திருமணம் ஆனபின் எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் நேர்மையாக உண்மையைத் தேடும்வரை நீங்கள் தவறானவராக இருக்க முடியாது என்று தொடங்கி, தன் பயத்தையும் ஒளிக்காமல் சொன்ன கடிதம் அது. டார்வின் மனம் மாறவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். நான் செத்தபின் தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதன் கீழே எழுதியும் வைத்தார்.

உங்கள் பயத்தை மகனிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லோரும் படிக்கிற இடத்தில் வேண்டாம். அவன் எழுதியதை முழுக்கப் படித்ததாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். எதனால் விட்டான் என்று கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை வசனம் சொல்ல வேண்டாம். உங்கள் விசுவாசத்தை அவனிடம் குறைத்துக் காட்டவும் வேண்டாம். அவன் உங்களிடம் மறைக்கவில்லை, நீங்களும் மறைக்காதீர்கள்.

அவன் பதிவின் கீழே எழுதத்தான் வேண்டும் என்று தோன்றினால் இதை மட்டும் எழுதுங்கள்: 'இவன் என் மகன். இவன் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. இவனை நான் வளர்த்த விதத்தில் எனக்கு வருத்தமும் இல்லை. சபையாருக்கு: இவன் கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். இவனுடைய நண்பர்களுக்கு: நீங்கள் திட்டுகிறவர்களில் சிலர் இவனைத் தூக்கி வளர்த்தவர்கள்.' எழுதிவிட்டுச் சில நாள் அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். மகனுக்கு போன் செய்யுங்கள்.