லூபஸ் உள்ளவர்கள் நாங்களே ஒரு குழு தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். மருத்துவமனையில் காத்திருந்தபோது இதே நோயுள்ள மூன்று பேர் பழக்கமானார்கள். நாலு பேரும் சேர்ந்து ஓர் ஆதரவுக் குழு தொடங்க ஆசை. ஆனால் யாருக்கும் மருத்துவம் தெரியாது. சரிவருமா?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகச் சரிவரும். உங்களிடம் யாரும் மருந்துச் சீட்டு வாங்க வரப்போவதில்லையே. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய், அப்புறம் என்ன எப்போதும் அசதி?" என்று வீட்டிலும் வேலையிலும் கேட்டுக் கேட்டு நொந்தவர்களுக்கு, விளக்காமலே புரிந்துகொள்ளும் ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். யாரும் யாருக்கும் மருந்து சொல்லக் கூடாது. லூபஸ் ஒருவருக்குத் தோலோடும் மூட்டோடும் நின்றுவிடும், இன்னொருவருக்குச் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். "நான் ஸ்டீராய்டை விட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் உற்சாகமாகச் சொல்ல, மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வரும் பக்கத்துக்காரரும் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம், ஏனென்றால் அவர் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனை அதற்குள் குறைத்திருக்கும். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை நாளடைவில் கண்ணைப் பாதிக்கலாம், அதனால் அதை எடுப்பவர்களிடம் "கண் பரிசோதனைக்குப் போனீர்களா?" என்று கேட்கலாம், அது நல்ல காரியம். மாத்திரையின் அளவைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சந்தேகங்களை எழுதி வைத்து, ஒரு வாத நோய் நிபுணர் வர இசைந்தால் அவரிடம் மொத்தமாகக் கேளுங்கள்.

வெயில் பட்டால் பலருக்கு நோய் கிளம்பிவிடும் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் கூட்டத்தைப் பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் இருப்பார்கள், ஆகவே சளி, காய்ச்சல் உள்ளவர் அன்றைக்குப் போனில் சேரட்டும். இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் இளவயதுக்காரர்களே அதிகம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். தப்பித் தவறி ஓர் ஆண் வந்தால் அவரை மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள், பாவம்.

நீங்களும் நோயாளிதான் என்பதை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டால், அவருக்கு நோய் தீவிரமாகும் மாதத்தில் குழுவும் படுத்துவிடும். பொறுப்பை இரண்டிரண்டு பேராக மாற்றிக்கொள்ளுங்கள். மே 10 உலக லூபஸ் தினம், அன்று விழா எடுத்துத் தொடங்கலாம் என்று யாராவது கிளப்புவார்கள். முதல் வருஷம் வேண்டாம், அந்த அலைச்சலிலேயே பாதிப் பேர் படுத்துவிடுவீர்கள்.