சீட்டுக் காசு, ஆறு நாள் லீவு: சுற்றுவதா, தங்குவதா?

கேள்வி: நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறார். கல்யாணமாகி இரண்டு வருடம். மாதம் 15,000 ரூபாய், 12 பேர் சேர்ந்த சீட்டில் ஆகஸ்டில் எனக்கு எட்டாவது சீட்டு விழும்; 1,80,000 ரூபாய் கைக்கு வரும். ஆகஸ்ட் லீவில் ஆறு நாள் எங்காவது போக ஆசை. வான் பிடித்துத் திருகோணமலை, யாழ்ப்பாணம், அநுராதபுரம் என்று ஒரு சுற்று வரலாம் என்கிறார் அவர். எனக்குக் கடலோரத்தில் ஒரே இடத்தில் இருந்தால் போதும். போன ஏப்ரலில் நுவரெலியா போய், இதே இழுபறியில் முகம் கொடுத்துப் பேசாமல் வீடு வந்தோம். 900 கிலோமீட்டருக்குச் சாரதியோடு 1,20,000 கேட்கிறார் வான்காரர். குறைகிற காசுக்கு என் சங்கிலியை அடகு வைக்கலாமா?

பதில்: டீச்சர், சங்கிலியை வைக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. எட்டாவது சீட்டு என்றால் இன்னும் நான்கு மாதம் கட்டவேண்டும். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை 60,000 ரூபாய். ஆகஸ்டில் கைக்கு வரும் 1,80,000 முழுவதும் உங்கள் சேமிப்பு இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு மற்றவர்கள் உங்களை நம்பி முன்கூட்டியே தருகிற காசு. அதைச் செலவழிப்பதில் பிழை இல்லை, சீட்டே அதற்குத்தான். ஆனால் மாதம் 15,000 போய்க்கொண்டிருக்கும்போது அடகு வட்டியையும் தலையில் ஏற்றக்கூடாது.

கணவரின் திட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். வானுக்கு 1,20,000. அறை ஒரு இரவுக்கு 15,000 என்று ஐந்து இரவுக்கு 75,000. சாப்பாடு நாளுக்கு 8,000 என்று 48,000. மொத்தம் 2,43,000, குறைவது 63,000. வருடத்துக்கு 18 வீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 945 ரூபாய். பார்க்கச் சின்னத் தொகைதான். மீட்கத்தான் கஷ்டம். சீட்டுக் கட்டி முடிவது டிசம்பரில், உடனே ஜனவரி, தைப்பொங்கல். தவணை தப்பித் தப்பி ஏலத்துக்குப் போன தாலிக்கொடிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காசை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் போனாலும் 900 கிலோமீட்டருக்கு 22 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நம் பக்கத்து வளைவுகளில் 40 கூடப் போகாது. ஆறு நாளில் ஏறக்குறைய ஒரு முழு நாள், இரவும் பகலும் சேர்த்து, வான் சீட்டிலேயே போய்விடும். அந்தப் பயணத்தில் மிகப் பெரிய செலவு இந்த உட்கார்ந்திருப்பதற்குத்தான். மொத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி.

சரி, அவர் ஏன் சுற்ற ஆசைப்படுகிறார்? காலையிலிருந்து இரவு வரை ஒரே கதிரை, ஒரே பில் புத்தகம். லீவு கிடைத்தால் கால் ஓடத்தான் பார்க்கும். நீங்கள் விடியும் முன் சமைத்து, பஸ் பிடித்து, மேடு ஏறி, நாள் முழுக்க நின்று பாடம் சொல்லித் தருகிறீர்கள். உங்கள் உடம்பு நிற்கவும் வேண்டாம் நடக்கவும் வேண்டாம் என்கிறது. இருவரும் கேட்பது ஓய்வைத்தான். யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. நுவரெலியாவில் சண்டை வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும். ஏப்ரல் சீசனில் அறை வாடகை ஏறி, கிரகரி வாவிப் பக்கம் வாகன நெரிசலில் மாட்டினால் யாருக்கும் எரிச்சல் வரும். அதே ஊருக்கு சீசன் முடிந்த பிறகு போயிருந்தால் பாதிப் பிரச்சினை இருந்திருக்காது.

இப்போது என் யோசனை. ஒரே கட்டில், பல வாசல். திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரையான நிலாவெளியில் நான்கு இரவு தங்குங்கள். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும். கிழக்குக் கரை காய்ந்து, கடல் அமைதியாக இருக்கும். அங்கிருந்து அவர் காலையில் கிளம்பிக் கோணேஸ்வரம் போகட்டும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கட்டும், படகில் புறாத்தீவுக்குப் போகட்டும். புறாத்தீவுக்கு மட்டும் நீங்களும் சேர்ந்து போங்கள். தண்ணீருக்கடியில் பவளப்பாறையும் மீனும் பார்க்கிற அனுபவம் மலையில் பிறந்த நமக்கு லேசில் கிடைக்காது. மற்ற நேரம் நீங்கள் தூங்குங்கள். தனியாகப் போனால் கோபம் என்று அர்த்தமில்லை, இதை ஏறும் முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நானும் மனைவியும் இப்படிப் பிரிந்து போய், மத்தியானம் மீன்குழம்புச் சோற்றோடு சேர்ந்துகொள்கிறவர்கள்தான். அவள் பார்க்காததை நான் சொல்ல, நான் பார்க்காததை அவள் சொல்ல, சாப்பாடு முடிய இரண்டு மணியாகிவிடும்.

செலவு? அறை 60,000, ஐந்து நாள் சாப்பாடு 40,000, பஸ்ஸும் ஆட்டோவும் 20,000, படகுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் 15,000. மொத்தம் 1,35,000. மிச்சம் 45,000, அதாவது மூன்று மாதச் சீட்டுக் காசு. ஆறாவது நாள் வீட்டிலேயே இருங்கள். பயணப் பையை அவிழ்க்காமல் மறுநாள் பாடசாலைக்கு ஓடினால் எடுத்த ஓய்வு அத்தனையும் போய்விடும். பஸ்ஸில் மாறி மாறிப் போவது அலுப்பு என்று தோன்றினால், போகும்போது மட்டும் வாகனம் பிடிக்க அந்த மிச்சத்திலிருந்து கொஞ்சம் எடுக்கலாம். திரும்பி வருவது பஸ்ஸில்.

யாழ்ப்பாணத்தை இந்தத் தடவை விடச் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழா 25 நாள். பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டித்தான் வரும், அப்போது அறை கிடைப்பதும் கஷ்டம், விலையும் கூட. அதற்கென்று அடுத்த வருடத்துக்குத் தனியாக மாதம் 3,000 போட்டு வையுங்கள். தேர் 24ஆம் நாள், அதைப் பார்க்கவென்றே போனால் அந்தப் பயணம் நிறைவாக இருக்கும். இப்போது போனால் ஒரு இரவு தங்கி, கோயில் வாசலில் படம் எடுத்துவிட்டு ஓடிவர வேண்டியதுதான்.

அதுவரை அவருக்குச் சுற்ற இடமில்லையா? பண்டாரவளையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக்கூடாது. வெளிநாட்டவர் விமானம் ஏறி வந்து பார்க்கிற ரயில் பாதை உங்கள் வாசலில் ஓடுகிறது. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் மேலே போகும் ரயிலில் ஏறினால் ஹப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொலை. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமே பட்டிப்பொலைதான். கீழே போனால் எல்ல, அப்புறம் 1921இல் திறந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம். ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்து மலை விளிம்பு வரை போய்வர ஒன்பது கிலோமீட்டர் நடை. மூடுபனி ஏறும் முன் விடியற்காலையில் போகவேண்டும். நம் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் கட்டுவதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. இவற்றில் எத்தனையை அவர் பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு நாள் போய்வந்தால், ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஆறு நாளுக்குள் அடைக்கும் அவசரம் தானாகக் குறையும். உங்களுக்கும் அந்த நாட்களில் வீடு அமைதியாகக் கிடைக்கும்.

அறையை ஜூன் மாதமே பேசிவிடுங்கள். முற்பணம் எவ்வளவு, திகதி மாற்றினால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லீவுத் திகதி கடைசி நேரத்தில் மாறுவது உங்களுக்குத் தெரியாததல்ல. சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும், கடலில் இறங்கும்போது மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்.