தையல் மிஷினும் பின்கழுத்து வலியும்

கேள்வி: வயது 44. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சாயங்காலமானால் பின்கழுத்து கல் மாதிரி இறுகி, இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. ஒரு வாரம் படுத்தே இருக்கச் சொல்கிறார்கள். இருக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. படுத்தே கிடந்தால் தசை இன்னும் இறுகும். வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடுங்கள்.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. ஊசி முனையைப் பார்க்கக் குனியக் குனிய, அதைப் பின்கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. உங்கள் வயதில் வெள்ளெழுத்தும் (கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) வந்திருக்கும். என்னிடம் வரும் தையல்காரர்களிடம் முதலில் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்பேன். நூல் கோக்கச் சிரமமா? முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கும் வையுங்கள். அப்புறம், பிளாஸ்டிக் ஸ்டூலில்தான் உட்கார்ந்து தைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு, சாய்மானமுள்ள நாற்காலியில் இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்து உட்காருங்கள். கொக்கி கட்டுவதை மடியில் வைத்துச் செய்யாதீர்கள், மேஜைக்கு மாற்றுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். தலை குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். பத்து தடவை போதும். இரவில் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். தயவுசெய்து யாரிடமும் கழுத்தைத் திருகி சொடக்கு எடுக்காதீர்கள்.

கை மரத்தாலோ, கத்தரிக்கோல் பிடி நழுவினாலோ, காய்ச்சலோடு வலி இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே போக வேண்டும்.