நன்றி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

கேள்வி: குத்துச்சண்டை வீரர்கள் ஒன்றுமில்லாத நாளில், சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்தும் புரோமோட்டர் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். சாம்பியன் பெல்ட் இடுப்பில் ஏறியதும் அவர் மேலேயே கேஸ் போடுகிறார்கள். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கும் இந்தப் பிழைப்பு உங்களுக்குச் சம்மதமா? என் தங்கை மகனுக்கும் இப்போது ஒரு புரோமோட்டர் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார். "மனுஷனை நம்பிக் கையெழுத்துப் போடு" என்று சொல்லியிருக்கிறேன். நகல் இணைத்துள்ளேன்.

- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நகலை இணைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. உங்கள் கேள்வியைவிட அதைத்தான் அதிக நேரம் படித்தேன்.

ஏணி யாரிடமும் சதவீதம் கேட்பதில்லை. புரோமோட்டர் கேட்கிறார். கேட்பதில் தப்பும் இல்லை. மண்டபம் பிடிப்பது, எதிராளியைத் தேடுவது, டிவிக்காரர்கள் பின்னால் அலைவது, டிக்கெட் விற்காத ராத்திரியில் நஷ்டத்தைத் தாங்குவது எல்லாம் அவர் தலையில்தான். பல பையன்களுக்குச் செலவழித்து ஒருவன் தேறி, அவனும் மறுநாளே வேறு கம்பெனிக்குப் போனால் யாருக்கும் வயிறு எரியும். அதற்காகத்தான் எழுதி வாங்கிக்கொள்கிறார். சரி, எழுதி வாங்கிய பிறகும் நன்றி, விசுவாசம் என்று பேசினால் எப்படி? வட்டிக்குக் கொடுத்துவிட்டு 'உதவி செய்தேன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற கதைதான்.

கேஸ் போட்டவர்கள் எல்லோரும் கொழுத்துப்போய்ப் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். 1980இல் லாரி ஹோம்ஸிடம் அடி வாங்கிய முகமது அலிக்குப் பேசிய தொகை 80 லட்சம் டாலர். கைக்கு வந்தது அதைவிடச் சுமார் 11 லட்சம் குறைவு. புரோமோட்டர் டான் கிங் மீது வழக்குப் போட்டார். அப்புறம் 50,000 டாலர் ரொக்கத்தை ஒரு பெட்டியில் வைத்து, அலிக்கு வேண்டிய ஒருவர் கையிலேயே கொடுத்தனுப்பினார் கிங். அதோடு வழக்கு முடிந்தது. உடம்பு தளர்ந்திருந்த அலி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மைக் டைசன் 1998இல் அதே கிங் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2003இல் திவால் மனுக் கொடுத்தார். 2004இல் 1 கோடியே 40 லட்சத்துக்குச் சமாதானமாகப் போனார். இதில் ஏணி எது, உதைத்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு, அது நம் தென்னாப்பிரிக்காவிலேயே தொடங்கியது. 2001 ஏப்ரல் 22, பிராக்பன், கார்னிவல் சிட்டி. உலக ஹெவிவெயிட் சாம்பியன் லென்னாக்ஸ் லூயிஸ், கடல் மட்டத்துக்கு வெகு மேலே இருக்கும் அந்த ஊர்க் காற்றுக்கு உடம்பைப் பழக்காமல் தாமதமாக வந்து இறங்கினார். ஐந்தாவது சுற்றில் ஹசிம் ரஹ்மானின் வலது கை அவரைப் படுக்கவைத்தது. ரஹ்மானை அதுவரை கொண்டுவந்த புரோமோட்டர் செட்ரிக் குஷ்னர், கேப்டவுனில் பிறந்த நம்மூர்க்காரர். சில வாரத்தில் ரஹ்மான் டான் கிங்கிடம் போய்விட்டார். பையில் ரொக்கம் கொண்டுவந்து காட்டினார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. நீங்கள் சொல்லும் நன்றி கெட்டதனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் நியூயார்க் நீதிமன்றம் அவரை எதை வைத்து மடக்கியது தெரியுமா? தோற்றால் லூயிஸ் மறுபடி மோதலாம் என்று பிராக்பன் சண்டைக்கு முன்பே அவர் ஒப்புக்கொண்டிருந்த மறுசண்டை ஷரத்தை வைத்து. லூயிஸுடன் மோத மறுத்தால் 18 மாதம் வேறு யாருடனும் மோதக் கூடாது என்றார் நீதிபதி. நவம்பரில் மோதினார், நான்காவது சுற்றில் விழுந்தார். யார் யாருக்கு நன்றி மறந்தார் என்ற பேச்சு அந்தத் தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை.

இனி உங்கள் நகல். உங்கள் வீட்டில் யாரோ நீலப் பேனாவால் அடிக்கோடிட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டதும் கிடைக்கும் தொகைக்கு ஒரு கோடு, முதல் சண்டைக்கான தொகைக்கு இரண்டு கோடு. நான்காம் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. அங்கேதான் இருக்கிறது விஷயம். ஒப்பந்தம் மூன்று வருடம். பையன் ஏதாவது பட்டம் வென்றால் இன்னும் இரண்டு வருடம் நீளும். யார் விருப்பப்படி என்றால், புரோமோட்டர் விருப்பப்படி. காயத்தால் மோத முடியாத நாட்கள் கணக்கில் சேராது, கடைசியில் கூட்டப்படும்.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு நம் கொள்ளுப்பாட்டன்கள் ஞாபகம்தான் வந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கியவர்களுக்கு ஒரு கிரிமிட், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். அக்ரிமென்ட் என்ற சொல் நம் வாயில் அப்படித்தான் உருண்டது. கரும்புத் தோட்டத்தில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். தோட்டமும் குத்துச்சண்டை வளையமும் ஒன்றல்ல, பையனை யாரும் கட்டிப்போடவில்லை, தெரியும். ஆனாலும் படுத்துக் கிடந்த நாளையும் கடனாக எழுதும் அந்தப் பேனா எனக்குப் பழக்கப்பட்ட பேனாவாகத் தெரிகிறது.

முதலாளி அடித்துப் பல் உடைந்த பாலசுந்தரம், தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு டர்பனில் காந்தியிடம் வந்து நின்ற கதை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தர காந்தி முனையவில்லை. கிரிமிட்டை வேறொரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். குத்துச்சண்டைத் தகராறுகளும் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன, ஆளை விட ஒரு விலை வைத்து. குத்துச்சண்டை வீரர் மேவெதர் 2006இல் 7,50,000 டாலர் கட்டி டாப் ரேங்க் என்ற புரோமோட்டர் கம்பெனியிடமிருந்து வெளியே வந்தார். உங்கள் நகலில் அப்படி ஒரு தொகை எங்கேயும் இல்லை. எழுதச் சொல்லுங்கள்.

பிரச்சினை வந்தால் கோர்ட் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. இங்கிலாந்தில் மைக்கேல் வாட்சன் என்ற வீரர் தன் மேனேஜர் மிக்கி டஃப் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். மேனேஜரே புரோமோட்டராகவும் இருந்தால் பையனுக்காகப் பேரம் பேசுவது யாரிடம்? தன்னிடமேவா? அந்த ஒப்பந்தம் நியாயமற்ற தொழில் தடை என்றது நீதிமன்றம். தடை நியாயமானது என்று நிரூபிக்க வேண்டியது அங்கே தடை போட்டவர். நம் நாட்டில் 1984இல் மாக்னா அலாய்ஸ் வழக்கில் அப்பீல் கோர்ட் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. நியாயமற்றது, பொதுநலனுக்கு விரோதமானது என்று காட்ட வேண்டியது இங்கே கையெழுத்துப் போட்டவன். அதை அவன் காட்டி முடிப்பதற்குள் வயது ஓடிவிடும். மைக்கி கார்சியா என்ற வீரர் டாப் ரேங்குடன் தகராறு செய்துகொண்டிருந்த இரண்டரை வருடமும், 2014 முதல் 2016 வரை, ஒரு சண்டைகூடப் போடவில்லை. வாட்சனுக்குத் தீர்ப்பு கிடைத்தது, வருடங்கள் கிடைக்கவில்லை. 1991 செப்டம்பரில் யூபாங்குடன் மோதி மூளையில் அடிபட்டவர் பிறகு வளையத்துக்குத் திரும்பவே இல்லை.

புரோமோட்டர் தன் வருமானக் கணக்கை வீரருக்குக் காட்ட வேண்டும், மேனேஜரும் புரோமோட்டரும் ஒரே பையாக இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அலியின் பெயரிலேயே சட்டம் போட்டார்கள். நம் பையன் டர்பனில் மோதும்போது அந்த அமெரிக்கச் சட்டம் அவனுக்குத் துணைக்கு வராது. இங்கே 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாக்ஸிங் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பு இருக்கிறது. வீரர், மேனேஜர், புரோமோட்டர் மூவருமே அதனிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். உங்கள் புரோமோட்டரின் லைசென்ஸ் இந்த வருடத்துக்குச் செல்லுமா என்று அங்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நகலில் 'மேனேஜர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டிருப்பவரின் குடும்பப் பெயரும் புரோமோட்டரின் குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்கிறதே, அதையும் வீட்டில் விசாரியுங்கள். தற்செயலாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பியதில் 6ஆம் பக்கத்துக்கு அடுத்து 8ஆம் பக்கம் வருகிறது. 'பிடித்தங்கள், அட்டவணைப்படி' என்று 6இல் ஒரு வரி இருக்கிறது, அட்டவணை 7இல்தான் இருக்க வேண்டும். பயிற்சியாளர் பங்கு, ஜிம் வாடகை, ஓட்டல் செலவு என்று யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அதில்தான் வரும். நகல் எடுக்கும்போது விட்டுப்போனதா, உங்களுக்குக் கொடுக்கும்போதே இல்லையா? தங்கை வீட்டில் கேட்டு எழுதுங்கள். அதுவரை பையன் பேனாவைத் தொட வேண்டாம்.